நாய்க்குப் போடும் பொடியைப் பூனைக்குட்டிக்குப் போடலாமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதம்:

“ஐப்பசி அடைமழையில், எங்கள் வீட்டு மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு பூனைக்குட்டி இரண்டு நாட்களாகக் கத்திக்கொண்டிருந்தது. தாய் வந்து எடுத்துப்போகும் என்று காத்திருந்தோம், வரவில்லை. மூன்றாம் நாள் உள்ளே கொண்டுவந்து துவட்டி, அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்துப் படுக்க வைத்தோம். சமையலறை எடை இயந்திரத்தில் 410 கிராம் காட்டுகிறது. சின்னச் சின்னப் பற்கள் முளைத்திருக்கின்றன. கண்கள் நீலமாக இருக்கின்றன. ரோமத்தைப் பிரித்துப் பார்த்தால் மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஏதோ உதிர்கிறது. பழுப்பு நிறப் பூச்சிகள் ஓடி மறைகின்றன. எங்களிடம் பத்து வயது நாய் ஒன்றும் உண்டு. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறது. நாய்க்கு வாங்கிய உண்ணிப் பொடி வீட்டில் இருக்கிறது. போன வாரம்தான் அதற்குப் போட்டோம். அதையே குட்டிக்கும் கொஞ்சமாகத் தூவலாமா? என் மாமியார் வேப்பெண்ணெயில் கற்பூரம் குழைத்துப் பூசச் சொல்கிறார். ஆறு வயது மகளின் கணுக்காலில் சிவப்புத் தடிப்புகள் தெரிகின்றன. நாங்கள் சைவம் என்பதால் பசும்பாலும் தயிர்சோறும் கொடுக்கிறோம். குட்டிக்கு வயிற்றுப்போக்காக இருக்கிறது. என்ன செய்யலாம்?”

பதில்:

அந்தப் பொடியைத் தூவ வேண்டாம், அம்மா. ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அதோடு, பொடி பூசிய நாயின் உடலோடு குட்டி ஒட்டிப் படுப்பதையும் இன்றே நிறுத்திவிடுங்கள். குட்டி தன் ரோமத்தை நக்கும்போது நாயின் உடலிலிருந்து ஒட்டிய மருந்தும் அதன் வயிற்றுக்குள் போகும் என்பதால், நீங்கள் கையால் தூவாவிட்டாலும் நஞ்சு அதை எட்டக்கூடும்.

அடுத்ததாக, குட்டியின் மேலுதட்டை விரலால் மெதுவாகத் தூக்கி ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் கீழே சொல்லியிருப்பவற்றை நிதானமாகச் செய்யலாம். வெளுத்து, வெள்ளைத் தாள் போலிருந்தாலோ, குட்டி எழுந்து நிற்கத் தள்ளாடினாலோ, உடல் சில்லிட்டிருந்தாலோ, இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்காமல் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் புறப்படுங்கள். அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் பார்ப்பார்கள்; அங்கே முடியாவிட்டால் உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் குட்டியின் எடை. 410 கிராம் எடையுள்ள உடலில் ஓடும் இரத்தம் மொத்தமே சுமார் 25 மில்லிலிட்டர், அதாவது ஐந்து தேக்கரண்டி. நீங்கள் பார்த்த பழுப்புப் பூச்சிகள் உண்ணி அல்ல, பேனும் அல்ல; தெள்ளு என்னும் துள்ளிப் பாயும் பூச்சி. ஒரு பெண் தெள்ளு உறிஞ்சும் இரத்தம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் எழுபது தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடித்துவிடும். தெருவில் கிடந்த குட்டியின் உடலில் எழுபது தெள்ளு என்பது அரிதான எண்ணிக்கை அல்ல. பத்து நாட்கள் இப்படியே போனால் ஐந்து தேக்கரண்டியில் இரண்டு போய்விடும். அரைகுறை உணவில் இருக்கும் குட்டியால் அந்த இழப்பை அதே வேகத்தில் ஈடுகட்ட முடியாது. வளர்ந்த பூனைக்கு அரிப்பாக மட்டும் முடிந்துபோகிற ஒன்று, குட்டிக்கு உயிர் போகும் இரத்தசோகையாக முடிவதற்குக் காரணம் இதுதான். “பூச்சிதானே, பெரிதானால் சரியாகிவிடும்” என்று விட்டுவிடாமல் நீங்கள் எழுதிக் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

உதிர்கிற கறுப்புத் தூளைப் பற்றிய சந்தேகத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். ஈரமாக்கிய வெள்ளைத் தாளின்மேல் அதைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு நிறம் கசியும். அது செரித்தும் செரிக்காமலும் வெளியேறிய குட்டியின் இரத்தமே.

இனிப் பொடிக்கு வருகிறேன். நம் ஊர்க் கடைகளில் நாய்க்கென்று விற்கும் உண்ணிப் பொடிகளிலும் சொட்டு மருந்துகளிலும் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற மருந்தோ அதன் உறவான சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவையோ இருக்கும். இவை அனைத்தும் சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாகவே இருக்கும் பூச்சிக்கொல்லிப் பொருளைப் பார்த்துச் செயற்கையாகச் செய்யப்பட்டவை. நாயின் ஈரல் இவற்றை மாற்றி உடலிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலைக்கு வேண்டிய நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு என்பதால், மருந்து உடலிலேயே தங்கி நரம்புகளை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும். முதலில் காது துடிக்கும், பிறகு முகமும் கால்களும் நடுங்கும், வாயில் எச்சில் வழியும், வலிப்பு வரும், உடல் கொதிக்கும். அளவைக் குறைத்துப் போட்டால் ஆபத்து குறைந்துவிடும் என்று எண்ணுவதற்கு இங்கே இடமில்லை. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி நீக்கப் பயன்படும் அமிட்ராஸ் மருந்தும் பூனைக்கு ஆகாது.

கால்நடை மருத்துவமனையில் நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், இதே போன்ற மழைக்காலத்து மாலையொன்றில், பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் துண்டில் சுற்றிய குட்டியொன்றைக் கொண்டுவந்தான். நாய்க்கு வாங்கிய பொடியை, பூச்சி கடிக்கிறதே என்ற இரக்கத்தில், அவனேதான் காலையில் பூசியிருந்தான். வலிப்பை அடக்க ஊசி போட்டோம், உடலைக் கழுவினோம், இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொண்டோம். விடிவதற்குள் குட்டி இறந்துபோயிற்று. நல்லது செய்யப்போய் அப்படி ஆனதே என்று அந்தப் பையன் அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்வது அதனால்தான்.

உங்கள் குட்டி ஏற்கெனவே சில நாட்கள் நாயோடு படுத்திருக்கிறது. நடுக்கம் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை என்பது ஆறுதலான செய்தி. இருந்தாலும் பொடி டப்பாவில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காதுத் துடிப்போ நடுக்கமோ தெரிந்தால், பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மத்தில் சில துளிகளை வெதுவெதுப்பான நீரில் கலந்து குட்டியை ஒருமுறை கழுவித் துடைத்து, அந்த டப்பாவோடு மருத்துவரிடம் விரையுங்கள். பால், எலுமிச்சைச் சாறு, முட்டை என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம்; நடுங்குகிற குட்டிக்குப் புரையேறி அது நுரையீரலுக்குள் போய்விடும்.

உங்கள் மாமியார் சொன்ன வைத்தியத்தைத் தட்டிக்கழிக்கிறேன் என்று அவர் வருந்த வேண்டாம். வேப்பெண்ணெய்க்குப் பூச்சியை விரட்டும் குணம் உண்டு என்பது உண்மை. ஆனால் மனிதர் பூசிக்கொண்டால் தோலோடு நிற்கும் எண்ணெய், பூனை பூசிக்கொண்டால் வயிற்றுக்குள் போகிறது. தன் உடலை நாள் முழுதும் நக்கித் துப்புரவு செய்வது அதன் இயல்பு. வேப்பெண்ணெயை நக்கிய பூனைகளுக்கு வாயில் நுரையும் நடுக்கமும் வரக்கூடும். கற்பூரம் அதைவிடக் கொடியது. தோல் வழியாகவே உள்ளே இறங்கி வலிப்பை உண்டாக்கவல்லது. எண்ணெய் ஊறிய ரோமம் சூட்டையும் காக்காது. மண்ணெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

அப்படியானால் எதைக் கொண்டுதான் தெள்ளை நீக்குவது? முதலில் உங்கள் வீட்டில் இருக்கும் பேன் சீப்பைக் கொண்டு. நெருக்கமான பற்கள் உள்ள உலோகச் சீப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிண்ணத்தில் நீர் ஊற்றி இரண்டு மூன்று துளி சோப்பு நீர்மம் விட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் நீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். சோப்பு கலந்தால் அமிழ்ந்துவிடும். குட்டியை மடியில் வெள்ளைத் துணியின்மேல் வைத்து, கழுத்து, தாடையின் அடி, காதின் பின்புறம், வாலின் அடிப்பகுதி, அடிவயிறு ஆகிய இடங்களில் முனைப்பாகச் சீவி, ஒவ்வொரு முறையும் சீப்பைக் கிண்ணத்தில் முக்கி எடுங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இந்த வயதுக் குட்டிக்கு இதைவிடப் பாதுகாப்பான சிகிச்சை எதுவும் எனக்குத் தெரியாது.

ஈறு சிவப்பாக இருந்து, குட்டி நன்றாகச் சாப்பிட்டுத் துள்ளலாகவும் இருந்தால், ஒரே ஒருமுறை குளிப்பாட்டலாம். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திய அறையில், முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூட்டில் நீர் எடுத்து, முதலில் கழுத்தைச் சுற்றி வளையம் போலச் சோப்பு நுரையைத் தடவுங்கள். நீர் பட்டதும் தெள்ளுகள் எல்லாம் முகத்தை நோக்கித்தான் ஓடும். அந்த வளையம் அவற்றை மறிக்கும். பிறகு கழுத்துக்குக் கீழே நனைத்து, ஐந்து நிமிடத்துக்குள் அலசி முடித்து, உலர்ந்த துண்டுகளை மாற்றி மாற்றித் துவட்டி, ரோமம் முழுவதும் காயும்வரை மார்போடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகிலோ வைத்திருங்கள். தெள்ளைவிட இந்த ஈரமும் குளிரும் குட்டியை விரைவாகக் கொல்லும் என்பதால், முழுவதும் காயவைக்க நேரமில்லாத நாளில் குளிப்பாட்டாமல் இருப்பதே மேல்.

நீங்கள் சொல்லும் எடையையும் பற்களையும் நீலக் கண்களையும் வைத்துப் பார்த்தால் குட்டிக்கு நான்கு முதல் ஐந்து வாரம் இருக்கலாம் என்று கணிக்கிறேன். பூனைக்குட்டி பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருந்து, வாரத்துக்கு ஏறக்குறைய 70 முதல் 100 கிராம் வீதம் கூடும். கண்ணின் நீலம் ஆறேழு வாரத்தில்தான் மாறத் தொடங்கும். பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றை எட்டு வாரம் முடிந்த பிறகே பயன்படுத்துவார்கள். அதற்கு முன்பே மருந்து தேவைப்படும் அளவுக்குத் தெள்ளு மொய்த்திருந்தால், ஃபிப்ரோனில் என்ற மருந்தின் தெளிப்பு வடிவத்தை மருத்துவர் கையுறையில் அளவாக எடுத்து ரோமத்தில் தடவிவிடுவார். அது ஆல்கஹாலில் கரைத்த மருந்து, ஆவியாகும்போது உடலைக் குளிரவைக்கும். அதனால் குட்டியின் எடையைப் பார்த்து அவரே செய்ய வேண்டியது, நாம் கடையில் வாங்கிவந்து அடிப்பது அல்ல. எட்டு வாரம் ஆனதும் பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை எடைக்கேற்ப வாங்கி மாதம் ஒருமுறை, நாக்கு எட்டாத பிடரியில் விடலாம். நாய்க்கு உரிய குப்பியில் பாதியைப் பூனைக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, அதுவும் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் குட்டியின் மேல் இருக்கும் தெள்ளுக்கு. உங்கள் வீட்டில் இருக்கும் தெள்ளில் அது மிகச் சிறிய பங்கு; ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் இருக்கிறது. இரத்தம் குடித்த பெண் தெள்ளு ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முதல் 50 வரை இடும். அந்த முட்டைகள் ரோமத்தில் ஒட்டாமல், குட்டி படுக்கும் இடத்திலும் ஓடும் இடத்திலும் மணலாகச் சிதறும். அவற்றிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை விரிசல், பாயின் மடிப்பு, அலமாரியின் அடி என்று ஒளிந்துகொண்டு, குட்டியின் உடலிலிருந்து உதிர்ந்த அதே கறுப்புத் தூளைத் தின்று வளரும். காற்றில் ஈரம் வற்றினால் அது பிழைக்காது. காவிரிக் கரையின் ஐப்பசி கார்த்திகையோ அதற்கு ஏற்ற காலம். இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் முட்டை தெள்ளாக மாற மூன்று, நான்கு வாரங்கள் போதும்.

ஆகையால் குட்டி புழங்கும் இடத்தை ஒரே அறையாகச் சுருக்குங்கள். கோரைப்பாய், சாக்கு, கால்மிதி முதலியவற்றை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். படுக்கைத் துணியை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வெயில் இல்லாத இந்த நாட்களில் காய்ந்த துணியை இஸ்திரி போட்டுவிட்டால் மிஞ்சிய முட்டையும் போய்விடும். தினமும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை வீட்டுக்குள் வைக்காமல் உடனே வெளியேற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பினாயிலும் டெட்டால் போன்ற கிருமிநாசினிகளும் பூனைக்கு ஆகாதவை. ஈரத் தரையில் நடந்த பாதத்தை அது நக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கரப்பான், கொசு மருந்துத் தெளிப்பான்களிலும் பெரும்பாலும் அந்தப் பெர்மெத்ரின் குடும்பத்து மருந்துதான் இருக்கிறது.

கூட்டுப்புழுவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். ஒட்டும் தன்மையுள்ள கூட்டுக்குள் தூசியைப் போர்த்துக்கொண்டு கிடக்கும் அதை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளியே துள்ளும். எனவே மூன்று வாரம் பாடுபட்ட பிறகும் புதிதாகத் தெள்ளு தென்பட்டால் நீங்கள் எதையோ தவறாகச் செய்தீர்கள் என்று பொருளல்ல. பழைய கூடுகள் தீரும்வரை, அதாவது இரண்டு மூன்று மாதம், சீப்பையும் துடைப்பத்தையும் விடாமல் இருக்க வேண்டும்.

மகளின் கணுக்காலில் இருப்பது பெரும்பாலும் தெள்ளுக்கடிதான். தரையிலிருந்து துள்ளுவதால் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் கடிக்கும். தெள்ளு மனிதர் உடலில் குடியேறாது. சோப்புப் போட்டுக் கழுவி, கேலமைன் தடவி, நகத்தால் சொறியாமல் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும். ஆனால் குட்டியின் உடலிலோ மகளின் தோலிலோ வட்டமாக ரோமம் உதிர்ந்த, ஓரம் சிவந்த படை தெரிந்தால் அது பூஞ்சைப் படர்தாமரை; அதற்குத் தனி மருந்து வேண்டும். குட்டி கடித்து அல்லது பிராண்டி இரத்தம் வந்தால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் காட்டுங்கள். குட்டிதானே என்று இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கீறல் ஏற்பட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ மகளுக்குக் காய்ச்சலும் அக்குளில் நெறிகட்டுதலும் வந்தால், வீட்டில் தெள்ளுள்ள பூனை இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தெள்ளின் கழிவிலிருந்து பூனையின் நகத்துக்கும், நகத்திலிருந்து மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய் ஒன்று உண்டு.

வயிற்றுப்போக்குக்குப் பசும்பாலே காரணமாக இருக்கலாம். அதிலுள்ள சர்க்கரை முழுவதையும் பல குட்டிகளால் செரிக்க முடியாது. இன்னொரு காரணம் குடற்புழு. மருத்துவரிடம் போகும்போது புழு மருந்தைக் கேட்டு வாங்குங்கள். தன்னை நக்கும் பூனை தெள்ளை விழுங்குவதால் நாடாப்புழுவும் வரும் என்பதையும், மலத்தில் வெள்ளரி விதை போன்ற துணுக்குகள் தெரிந்தால் அதுதான் என்பதையும் அறிந்துவைத்திருங்கள். உணவைப் பொறுத்தவரை உங்கள் வீட்டு வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பூனை இறைச்சி உண்ணியாகவே படைக்கப்பட்ட உயிர். டாரின் என்ற சத்தைத் தன் உடலில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாத அதற்கு, தயிர்சோறு மட்டும் தந்தால் நாளடைவில் பார்வையும் இதயமும் கெடும். தெள்ளிடம் இழந்த இரத்தத்தையும் அந்தச் சோற்றால் மீட்க முடியாது. நீங்கள் அசைவம் சமைக்க வேண்டியதில்லை. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் ஈர உணவுப் பொட்டலம் கடைகளில் கிடைக்கிறது. அதை வெதுவெதுப்பான நீரில் குழைத்து நாளைக்கு நான்கைந்து முறை கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் கூடிவந்தால் நாம் வென்றுகொண்டிருக்கிறோம். இரண்டு நாள் கூடாமல் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும்.

உங்கள் நாய்க்கும் இதே நாட்களில் சிகிச்சை தேவை. ஒன்றை மட்டும் சுத்தம் செய்தால் மற்றதிலிருந்து தெள்ளு திரும்பிவிடும். இப்போதிருக்கும் பொடி போகும்படி நாயைச் சோப்புப் போட்டு நன்றாகக் குளிப்பாட்டி, அதன் படுக்கையையும் துவைத்துவிடுங்கள். இனி அதற்கு அந்தப் பொடிக்குப் பதிலாக, பூனை இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும் மருந்தாக, வாய்வழி மாத்திரையாக இருந்தால் மிக நல்லது, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பத்து வயது நாய் என்பதால் அதன் எடையையும், முன்பு வலிப்பு ஏதும் வந்திருந்தால் அதையும் சொல்ல மறக்காதீர்கள். குளித்த நாய் முழுவதும் உலர்ந்து, இருவரின் ரோமத்திலும் சீப்பில் தெள்ளு சிக்குவது குறைந்த பிறகு, குட்டியை மறுபடி அதன் வயிற்றோடு படுக்க விடுங்கள். அதுவரை இரவில் பெட்டிக்குள் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை வையுங்கள். சூடு ஆறியதும் மாற்ற யாராவது ஒருவர் நடுச்சாமத்தில் ஒருமுறை எழுந்திருக்க வேண்டியிருக்கும்.